பைத்தான் கோப்பு நேரடியாக ஓடுகிறதா, இம்போர்ட் ஆகிறதா? அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்வோம்

ஒரு டியூஷன் சென்டருக்காகக் கட்டண நினைவூட்டல் அனுப்பும் சின்ன நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். மாதம் ஒருமுறை அதை ஓட்டினால், பாக்கி வைத்திருக்கும் பெற்றோர்களுக்குக் குறுஞ்செய்தி போகும். சில வாரம் கழித்து இன்னொரு நிரலுக்குப் பாக்கித் தொகையைக் கணக்கிட வேண்டியிருந்தது. அந்தக் கணக்குதான் பழைய கோப்பிலேயே இருக்கிறதே என்று அதை இம்போர்ட் செய்தேன். கணக்கு சரியாக வந்தது. கூடவே, பழைய பட்டியலில் இருந்த எல்லோருக்கும் குறுஞ்செய்தி மறுபடியும் போய்விட்டது, இடையில் பணம் கட்டிவிட்டவர்களுக்கும் சேர்த்து. சென்டர் நடத்துபவர் அன்று மாலை முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து விளக்கம் சொன்னார்.

நான் "அனுப்பு" என்று எங்கேயும் சொல்லவில்லை. இம்போர்ட் மட்டும்தான் செய்தேன். இம்போர்ட் என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பைத்தான் படிக்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு அது முதலிலேயே தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தலைப்பில் சொன்ன அந்த ஒரு வரி, பல பைத்தான் கோப்புகளின் கடைசியில் இருக்கும் இஃப் __நேம்__ == "__மெயின்__": என்பது.

தட்டுவதற்கு முன்

இந்தக் கட்டுரையில் நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டு வாசித்தால் எப்படி வருமோ அப்படி. தட்டும்போது டெஃப், ரிட்டர்ன், இஃப், இம்போர்ட், பிரிண்ட், நேம், மெயின் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோப்பின் பெயரையும் ஆங்கில எழுத்தில் வைப்பதே பத்திரம். கடைசியில் வரும் "பை" என்பது பி, ஒய் என்ற இரண்டு எழுத்து. ஆனால் ஃபங்ஷனுக்கும் மாறிக்கும் நீங்களாகச் சூட்டும் பெயர்களை நிஜமாகவே தமிழில் தட்டலாம். 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0 முதல் அது செல்லும். பழகும் காலத்தில் இது ஒரு நல்ல உதவி: எது பைத்தானின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

படி 1: கோப்பிடமே பெயரைக் கேளுங்கள்

ஒரு புதிய ஃபோல்டர் திறந்து, அதில் கடன்.பை என்று ஒரு கோப்பு உருவாக்குங்கள். உள்ளே ஒரே வரி:

```
பிரிண்ட்("என் பெயர்:", __நேம்__)
```

நேம் என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு அடிக்கோடு. நிரல் எழுதுபவர்கள் இதை "டண்டர் நேம்" என்று வாசிப்பார்கள். டெர்மினலில் அதே ஃபோல்டருக்குப் போய் இப்படி ஓட்டுங்கள். லினக்ஸ், மேக் கணினிகளில் பைத்தான் என்ற சொல்லோடு 3 என்ற எண்ணையும் ஒட்டித் தட்ட வேண்டியிருக்கலாம்.

```
பைத்தான் கடன்.பை
```

வரும் பதில்:

```
என் பெயர்: __மெயின்__
```

இந்த __நேம்__ என்ற மாறியை நாம் எங்கேயும் உருவாக்கவில்லை. ஒவ்வொரு கோப்பையும் ஓட்டத் தொடங்கும் முன் பைத்தானே அதற்குள் இதை வைத்துவிடுகிறது. சரி, இப்போது அதே ஃபோல்டரில் கணக்கு.பை என்று இரண்டாவது கோப்பு. அதிலும் ஒரே வரிதான்:

```
இம்போர்ட் கடன்
```

கணக்கு.பை கோப்பை ஓட்டிப் பாருங்கள்.

```
என் பெயர்: கடன்
```

கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, ஆனால் பெயர் மாறிவிட்டது. நம் வீடுகளில் ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் இருப்பதில்லையா, அதுபோலத்தான். எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே கூப்பிடுவது வீட்டு ஆளா, பள்ளியா என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். நாம் நேரடியாக ஓட்டும் கோப்புக்குப் பைத்தான் வைக்கும் பெயர் __மெயின்__. வேறு யாராவது இம்போர்ட் செய்தால், கோப்பின் சொந்தப் பெயரே அதன் பெயர். ஒரு பேக்கேஜுக்குள், அதாவது பல கோப்புகளை ஒன்றாக வைத்திருக்கும் ஃபோல்டருக்குள், இருக்கும் கோப்பு என்றால் பேக்கேஜின் பெயரும் புள்ளி வைத்து முன்னால் சேர்ந்துகொள்ளும்.

இந்தப் பரிசோதனையை ஒரு முறையாவது உங்கள் கையால் செய்து பாருங்கள். வாசித்துத் தெரிந்துகொள்வதற்கும் திரையில் அந்தப் பெயர் மாறுவதைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

படி 2: இம்போர்ட் என்றால் ஓட்டுவது

என்னுடைய தவறு பிறந்த இடம் இதுதான். இம்போர்ட் என்றால் "அந்தக் கோப்பிலிருக்கும் ஃபங்ஷன்களைக் கொண்டுவா" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பைத்தான் அப்படிச் செய்வதில்லை. அந்தக் கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டுகிறது. ஓடி முடிந்தபின் அதில் என்னென்ன பெயர்கள் உருவாகி நிற்கின்றனவோ, அவற்றைத்தான் நம்மிடம் தருகிறது.

அப்படியானால் டெஃப் என்று தொடங்கும் வரிகள்? அவையும் ஓடத்தான் செய்கின்றன. ஆனால் டெஃப் ஓடுவது என்றால் அந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் உருவாகி நினைவகத்தில் உட்காருவது, அவ்வளவுதான். அதன் உள்ளே தள்ளி எழுதிய வரிகள், அந்த ஃபங்ஷனை யாராவது அழைத்தால்தான் ஓடும். இடது ஓரத்தை ஒட்டி எழுதிய மற்ற வரிகள் எல்லாம் உடனே வேலையைச் செய்துவிடும். பிரிண்ட் இருந்தால் அச்சாகும், இன்புட் இருந்தால் பயனரிடம் கேள்வி கேட்டுக் காத்து நிற்கும், குறுஞ்செய்தி அனுப்பும் வரி இருந்தால் அனுப்பிவிடும்.

இதைப் பைத்தானோடு கூட வரும் ஒரு மாட்யூலிலேயே (இம்போர்ட் செய்யக்கூடிய கோப்பை மாட்யூல் என்பார்கள்) பார்க்கலாம். டெர்மினலில் பைத்தான் என்று மட்டும் தட்டிப் பைத்தான் ஷெல்லைத் திறந்து, இம்போர்ட் திஸ் என்று தட்டுங்கள். டிம் பீட்டர்ஸ் எழுதிய பைத்தான் கோட்பாடுகள் திரையில் வரிசையாக வரும். நாம் எந்த ஃபங்ஷனையும் அழைக்கவில்லை. அந்தக் கோப்பின் இடது ஓரத்திலேயே பிரிண்ட் இருப்பதால் இம்போர்ட் செய்ததும் அச்சாகிறது. அதே ஷெல்லில் அதே வரியை மறுபடி தட்டுங்கள். இந்த முறை ஒன்றும் வராது. ஒருமுறை இம்போர்ட் ஆன மாட்யூலைப் பைத்தான் ஒரு பட்டியலில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கேட்டால் பட்டியலிலிருந்து எடுத்துத் தருகிறதே ஒழிய, திரும்ப ஓட்டுவதில்லை. "முதல் தடவை வந்தது, இரண்டாம் தடவை ஏன் வரவில்லை" என்று குழம்புபவர்கள் நிறையப் பேர். காரணம் இதுதான்.

படி 3: வரியை எழுதுவோம்

கடன்.பை கோப்பில் இருப்பதை அழித்துவிட்டு, அதற்கு ஒரு நிஜமான வேலையைக் கொடுப்போம். நம் ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். தனிவட்டிக் கணக்கு:

```
டெஃப் வட்டி(அசல், விகிதம், மாதம்):
    ரிட்டர்ன் அசல் * விகிதம் * மாதம் / 100

பிரிண்ட்(வட்டி(50000, 2, 6))
```

ஓட்டினால் 6000.0 என்று வரும். வகுத்தல் குறி எப்போதும் தசம எண்ணையே தருவதால் அந்தப் புள்ளியும் பூஜ்யமும். ஆனால் கணக்கு.பை கோப்பிலிருந்து இதை இம்போர்ட் செய்தால், நாம் கேட்காமலேயே 6000.0 முதலில் வந்து நிற்கும். சரிபார்ப்பதற்காக நாம் எழுதிய வரி, இம்போர்ட் செய்கிறவர் திரையிலும் ஓடுகிறது. கோப்பை இப்படி மாற்றுங்கள்:

```
டெஃப் வட்டி(அசல், விகிதம், மாதம்):
    ரிட்டர்ன் அசல் * விகிதம் * மாதம் / 100


டெஃப் மெயின்():
    அசல் = ஃப்ளோட்(இன்புட்("அசல்: "))
    விகிதம் = ஃப்ளோட்(இன்புட்("நூற்றுக்கு மாத வட்டி: "))
    மாதம் = இன்ட்(இன்புட்("எத்தனை மாதம்: "))
    பிரிண்ட்("வட்டி:", வட்டி(அசல், விகிதம், மாதம்))


இஃப் __நேம்__ == "__மெயின்__":
    மெயின்()
```

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். "என் பெயர் __மெயின்__ என்றால், மெயின் ஃபங்ஷனை ஓட்டு" என்கின்றன. இதில் மாயம் எதுவும் இல்லை. சாதாரண இஃப், சாதாரண ஒப்பீடு. இந்தக் கோப்பை நேரடியாக ஓட்டினால் கேள்வி கேட்டுக் கணக்குப் போடும். கணக்கு.பை கோப்பிலிருந்து இம்போர்ட் செய்தால் வாயைத் திறக்காது. அங்கே கடன்.வட்டி(50000, 2, 6) என்று எழுதினால் வட்டியை மட்டும் தரும்.

மெயின் என்று ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்தால் பைத்தான் அதைத் தானாக அழைக்கும் என்று, சி மொழியோ ஜாவாவோ படித்துவிட்டு வருகிறவர்கள் எண்ணுவதுண்டு. பைத்தானில் அப்படி இல்லை. அந்தப் பெயர் வெறும் வழக்கம். "தொடக்கம்" என்று தமிழில் வைத்தாலும் ஓடும். தானாக அழைக்கப்படும் ஒரு தனி ஃபங்ஷன் வேண்டும் என்று பெப் 299 என்ற முன்மொழிவு வந்து, அது நிராகரிக்கப்பட்டது. எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. இந்த வரி பார்க்க அழகாக இல்லைதான், ஆனால் என்ன நடக்கிறது என்பது முழுக்க நம் கண் முன்னால் இருக்கிறது.

மெயின் ஃபங்ஷன் எதற்கு? இஃப்புக்கு உள்ளேயே எழுதினால் என்ன?

எழுதலாம், ஓடும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பைத்தானில் இஃப் தனக்கென்று தனி எல்லை எதையும் உருவாக்குவதில்லை. அதற்குள் உருவாகும் மாறி, கோப்பு முழுக்கத் தெரியும். வட்டி ஃபங்ஷனில் மாதம் என்பதை உள்ளே வாங்க மறந்துவிட்டீர்கள், ஆனால் இஃப்புக்குள் மாதம் = 6 என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். நேரடியாக ஓட்டும்போது ஃபங்ஷன் அந்த 6 என்ற மதிப்பை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு சரியாகவே வேலை செய்யும். பல மாதம் கழித்து யாரோ இம்போர்ட் செய்து அழைக்கும்போதுதான் "மாதம் என்று ஒரு பெயரே இல்லை" என்று நேம்எரர் வரும். வேலையை மெயின் ஃபங்ஷனுக்குள் வைத்திருந்தால், இந்தப் பிழை முதல் ஓட்டத்திலேயே முகத்தைக் காட்டிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாளைக்கு உங்கள் நிரலை எல்லோரும் நிறுவிக்கொள்ளும் பேக்கேஜாக மாற்றினால், "இந்தக் கட்டளையைத் தட்டினால் இந்தக் கோப்பின் இந்த ஃபங்ஷனை அழை" என்று அமைப்புக் கோப்பில் குறிப்போம். அப்போது உங்கள் கோப்பு இம்போர்ட் ஆகித்தான் அழைக்கப்படுகிறது. அதன் பெயர் __மெயின்__ ஆக இருக்காது, இஃப்புக்குள் இருப்பது எதுவும் ஓடாது. அதனால் இஃப்புக்குள் ஒரே ஒரு அழைப்பு மட்டும் இருக்கட்டும்.

எங்கே தவறுகிறோம்

நான் செய்தவை, சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர்கள் செய்யக் கண்டவை இவை. ஒற்றைச் சமக்குறி போட்டாலோ, வரியின் முடிவில் முக்காற்புள்ளியை விட்டாலோ பைத்தான் உடனே சின்டாக்ஸ்எரர் சொல்லும். __மெயின்__ என்பதற்கு மேற்கோள் குறி விட்டுப்போனால் நேம்எரர் வரும். இவற்றைப் பற்றிப் பயமில்லை, சத்தம் போடும் பிழைகள். கவலைப்பட வேண்டியவை சத்தமில்லாதவை. மேற்கோள் குறியை இரண்டு பக்கமும் போட்டுவிட்டால், அதாவது "__நேம்__" == "__மெயின்__" என்று எழுதிவிட்டால், இரண்டு வெவ்வேறு சொற்களை ஒப்பிடுகிறீர்கள். விடை எப்போதும் பொய். நிரல் ஓடும், ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. வலது பக்கச் சொல்லில் இரண்டு அடிக்கோட்டுக்குப் பதில் ஒன்று போட்டாலும் இதே கதைதான். "ஓட்டினேன், வெறுமனே நிற்கிறது" என்றால் முதலில் இந்த வரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

இஃப் வரியைக் கோப்பின் மேலே வைத்து, அது அழைக்கும் ஃபங்ஷனைக் கீழே எழுதுவது இன்னொன்று. மேலிருந்து கீழே ஓடும்போது அந்த ஃபங்ஷன் இன்னும் பிறந்திருக்காது. எப்போதும் கோப்பின் கடைசியில் வையுங்கள்.

கோப்பின் பெயரிலும் கவனம் வேண்டும். நடுவில் இணைப்புக் கோடு இருக்கும் பெயரையோ எண்ணில் தொடங்கும் பெயரையோ நேரடியாக ஓட்டலாம், ஆனால் இம்போர்ட் வரியில் எழுத முடியாது. அதேபோல் ரேண்டம்.பை, காலண்டர்.பை என்று பைத்தானின் சொந்த மாட்யூல்களின் பெயரை உங்கள் கோப்புக்கு வைத்தால், அந்த ஃபோல்டரில் இம்போர்ட் செய்யும்போது பைத்தானுடையது வராமல் உங்களுடையது வந்து நிற்கும்.

ஷெல்லிலும் ஜூபிட்டர் நோட்புக்கிலும் __நேம்__ எப்போதும் __மெயின்__ தான். அங்கே இந்த வரியை எழுதினால் தவறில்லை, பயனும் இல்லை.

படி 4: மாட்யூலை அதன் பெயரால் ஓட்டுவது

நேரடியாக ஓட்ட இன்னொரு வழி உண்டு:

```
பைத்தான் -எம் கடன்
```

-எம் என்பது ஓர் இணைப்புக் கோடும் எம் என்ற ஒரே ஆங்கிலச் சிற்றெழுத்தும். இங்கே கோப்பின் பாதையோ கடைசி "பை"யோ கிடையாது, மாட்யூலின் பெயர் மட்டும். இப்படி ஓட்டினாலும் பெயர் __மெயின்__ என்றே அமையும். பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்பை ஓட்ட இதுவே நல்ல வழி. ஏனென்றால் கோப்புப் பாதையைக் கொடுத்து ஓட்டும்போது பைத்தான் மற்ற மாட்யூல்களை அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் தேடத் தொடங்கும். -எம் கொடுத்தால் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் தேடும். ஃபோல்டர் முழுவதையும் ஒரு நிரலாக ஓட்ட வேண்டும் என்றால், அதற்குள் __மெயின்__.பை என்ற கோப்பு வைத்தால் போதும்.

பைத்தானின் சொந்த மாட்யூல்களில் பல இந்த இரட்டை வேடத்தில் இருக்கின்றன. டெர்மினலில் பைத்தான் -எம் காலண்டர் 2026 என்று தட்டுங்கள், வருடம் முழுவதும் அச்சாகும். ஷெல்லில் இம்போர்ட் காலண்டர் என்றால் ஒரு சத்தமும் இருக்காது. அந்தக் கோப்பின் கடைசியில் இருப்பது நாம் இப்போது எழுதிய அதே இஃப் வரிதான். உங்கள் கணினியிலேயே அந்தக் கோப்பு இருக்கிறது, ஒருமுறை திறந்து பாருங்கள்.

இந்த வரி இல்லாமல் நிரலே நின்றுபோகும் இடம்

இதுவரை பார்த்தவற்றில் இந்த வரி நல்ல பழக்கம் என்ற அளவில் இருந்தது. மல்ட்டிபுராசசிங் மாட்யூலைப் பயன்படுத்தும்போது அது கட்டாயமாகிவிடுகிறது. ஒரே வேலையைப் பல புராசஸ்களாக, அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் நிரல்களாக, பிரித்து ஓட்டுவதற்கு அந்த மாட்யூல். விண்டோஸில் ஒவ்வொரு புதிய புராசஸும் ஒரு புதிய பைத்தானாகத் தொடங்குகிறது. அதற்கு உங்கள் ஃபங்ஷன்கள் தெரிய வேண்டுமே, அதனால் உங்கள் கோப்பை __எம்பி_மெயின்__ என்ற பெயரில் மறுபடி ஏற்றுகிறது. ஏற்றுவது என்றால் ஓட்டுவது. புராசஸ்களைத் தொடங்கும் வரி இடது ஓரத்தில் இருந்தால், குழந்தைப் புராசஸும் அதே வரிக்கு வந்து தானும் புராசஸ்களைத் தொடங்கப் பார்க்கும். இந்தச் சங்கிலியைத் தடுக்கத்தான் பைத்தான் ரன்டைம்எரர் எழுப்பி நிறுத்துகிறது. அந்த நீளமான பிழைச் செய்திக்குள்ளேயே, இந்த இஃப் வரியைச் சேர்க்கச் சொல்லும் குறிப்பும் இருக்கும்.

"என் லினக்ஸ் கணினியில் ஓடியது, நண்பனின் விண்டோஸில் ஓடவில்லை" என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்து வருவது. லினக்ஸில் நெடுங்காலம் ஃபோர்க் என்ற முறையே இயல்பாக இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும் புராசஸை அப்படியே நகல் எடுக்கும், கோப்பை மறுபடி ஏற்றாது. மேக்கில் பைத்தான் 3.8 முதல் விண்டோஸ் போலவே புதிதாகத் தொடங்கும் முறை வந்துவிட்டது. 2025இல் வெளியான 3.14 முதல் லினக்ஸிலும் ஃபோர்க் இயல்பான முறையாக இல்லை. ஆகவே எந்தக் கணினியில் எழுதினாலும் இந்த வரியோடு எழுதுங்கள்.

சோதனை எழுதும்போதும் இப்படியே. பைடெஸ்ட் போன்ற கருவிகள் உங்கள் சோதனைக் கோப்பை இம்போர்ட் செய்துதான் ஃபங்ஷன்களைக் கண்டுபிடிக்கின்றன. சோதனைக் கோப்பு கடன்.பை கோப்பை இம்போர்ட் செய்யும். அங்கே இடது ஓரத்தில் ஓர் இன்புட் இருந்தால் சோதனை தொடங்கும் முன்பே தடுக்கி விழும்.

மற்ற மொழிகளிலும் இதே கேள்விக்கு வழி இருக்கிறது. ரூபியில் இந்தக் கோப்பின் பெயரையும் ஓட்டப்பட்ட நிரலின் பெயரையும் ஒப்பிடுவார்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோடில் ரிக்வயர்.மெயின் என்பது இந்த மாட்யூல்தானா என்று பார்ப்பார்கள். பைத்தானில் புரிந்துகொண்டால் அவை புதிதாகத் தோன்றாது.

பழைய கோப்புகளைத் திருத்த

நீங்கள் ஏற்கெனவே எழுதிய கோப்பு ஒன்றைத் திறந்து, இடது ஓரத்தை ஒட்டியிருக்கும் வரிகளை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். இம்போர்ட் வரிகள், டெஃப், கிளாஸ், மாறாத மதிப்புகளுக்கு வைத்த பெயர்கள் ஆகியவை அங்கேயே இருக்கட்டும். கோப்பைத் திறப்பது, எழுதுவது, இணையத்தைத் தொடுவது, கேள்வி கேட்பது, அச்சிடுவது எல்லாவற்றையும் ஒரு மெயின் ஃபங்ஷனுக்குள் தள்ளுங்கள். அப்புறம் கடைசி இரண்டு வரி. பிறகு ஷெல்லில் அந்தக் கோப்பை இம்போர்ட் செய்து பாருங்கள். ஒன்றும் நடக்காமல் அடுத்த வரிக்கு வந்து நின்றால் வேலை சரி.

அந்த டியூஷன் நிரலை நான் அன்றிரவே இப்படித் திருத்தினேன். ஆனால் யோசித்துப் பார்த்தபோது இன்னொன்று மிச்சமிருந்தது. இந்த வரி, தெரியாமல் இம்போர்ட் செய்வதிலிருந்துதான் காக்கும். தெரியாமல் நேரடியாக ஓட்டிவிட்டால் செய்தி போகத்தான் செய்யும். அதனால் மெயின் ஃபங்ஷனுக்குள் சிஸ்.ஆர்க்வி பட்டியலைப் பார்க்க வைத்தேன். கட்டளையில் கோப்பின் பெயரோடு நாம் தட்டும் சொற்கள் அந்தப் பட்டியலில்தான் வந்து சேரும். கோப்பின் பெயரோடு "அனுப்பு" என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டினால்தான் செய்தி போகும். இல்லாவிட்டால் யார் யாருக்குப் போகும் என்ற பட்டியலை மட்டும் திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். சென்டர் நடத்துபவர் இப்போது ஒவ்வொரு மாதமும் முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்து, பணம் கட்டியவர்களை நீக்கிவிட்டு, பிறகுதான் "அனுப்பு" என்று தட்டுகிறார்.